கேள்வி இல்லாத கடிதங்கள்

எனெய்தாவின் கையில் சுருட்டின் மேலிலை கிழிந்தது.

பத்தொன்பது வருடமாகச் சுருட்டு சுற்றும் கை அது. ஈரத் துணிக்கடியிலிருந்து இலையை எடுத்துப் பலகையில் நீவி விரித்தபோது, நரம்போரமாகச் சத்தமே இல்லாமல் அது இரண்டாகப் பிரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் நூற்றிருபது பேர் தலை குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். மேலே காற்றாடிகள் புகையிலை வாசனையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தன. மேடையில் கிரிசெல் படித்துக்கொண்டிருந்தாள்.

கிரிசெல்தான் அந்தச் சுருட்டாலையின் வாசகி; வேலை நேரத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டுகிறவள். காலையில் செய்தித்தாள், பத்தரைக்கு மேல் நாவல். எந்த நாவல் என்பதைத் தொழிலாளர்களே கைதூக்கி முடிவு செய்வார்கள். இந்த முறை எனெய்தாதான் முதலில் கை தூக்கியவள். துறைமுக நகரத்துப் பணக்காரக் குடும்பம் ஒன்றைப் பற்றிய மர்ம நாவல். இளைய மகன் ஒரு நாள் காணாமல் போகிறான். அயல்நாட்டில் இருக்கிறேன் என்று மாதம் ஒரு கடிதம் வருகிறது. தாய் அதை முத்தமிட்டு மேசை இழுப்பறையில் வைக்கிறாள். மூத்தவன் புருனோவின் மேல் கூடத்தில் பாதிப் பேருக்குச் சந்தேகம். எனெய்தா மட்டும் மூன்று வாரமாக அவனுக்காக எல்லோரிடமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தினமும் அம்மாவின் படுக்கையருகே உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்து, தம்பியின் கடிதத்தைப் படித்துக் காட்டுகிறவன் எப்படிக் கெட்டவனாக இருக்க முடியும்?

இன்றைய அத்தியாயத்தில் கிழட்டு இன்ஸ்பெக்டர் அந்தக் கடிதங்களை மேசை முழுக்கப் பரப்பினார். கிரிசெல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் படித்தாள்.

"'அம்மா, இவை நல்ல கடிதங்கள். பிழை இல்லை. பாசத்திலும் குறை இல்லை. ஆனால் முப்பத்தொரு கடிதத்தில் ஒரு கேள்விகூட இல்லை. உயிரோடு இருப்பவன் எதையாவது கேட்பான். ஊரில் மழை பெய்ததா என்றாவது கேட்பான்.'"

பிறகு நூற்றிருபது பிறைக்கத்திகளும் பலகையில் படபடவென்று அடித்தன. இலை வெட்டும் அந்தத் தகட்டால் அடிப்பதுதான் அங்கே கைதட்டல். ஒலிபெருக்கி வழியாக நாவலைக் கேட்கும் பக்கத்து அறைகளிலிருந்தும் அந்தச் சத்தம் வந்தது.

"போச்சுடி உன் புருனோ!" என்றாள் பக்கத்து மேசை சொராய்தா. "ஆரஞ்சு உரிச்சுக் குடுத்தானாம், ஆரஞ்சு! நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

"இன்னும் நூறு பக்கம் இருக்கு. பொறு."

"அடியே, இலையைக் கிழிச்சுட்டியா? ஒரு ஆம்பளைக்காக இப்படியா உருகுவ, அதுவும் புத்தகத்துல வர்றவனுக்கு!"

எனெய்தா சிரித்தாள். கத்தியை எடுக்கத்தான் கை போனது. எடுக்கவில்லை. அவள் அன்செல்மோவை நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்செல்மோ அவள் அண்ணன். பதினொரு வருடத்துக்கு முன்னால், கரையோர ஊர்களில் பாதிப் பேர் லாரி டயர்களையும் பலகைகளையும் கட்டிக்கொண்டு வடக்கே கடலில் இறங்கிய அந்தக் கோடையில், அவனும் சொல்லாமல் போய்விட்டான். நான்கு மாதம் எந்தச் சேதியும் இல்லை. எனெய்தாவின் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அப்புறம் ஒரு நாள் அவள் கணவன் ஓவிதியோ சாப்பாட்டு மேசையில் ஒரு கடிதத்தை வைத்தான். கடலுக்கு வடக்கே தம்பா நகரத்திலிருந்து வந்து போகும் ஒருவர் கையோடு கொண்டுவந்தாராம். மீன்பிடிக் கப்பலில் வேலை, நிலையான முகவரி கிடையாது, தொலைபேசிக்கும் வழியில்லை. பதில் எழுதினால் அதே ஆளிடம் கொடுத்தனுப்பலாம். அன்று அவள் ஓவிதியோவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் கீழ்வீட்டுக்காரி மேலே ஓடி வந்துவிட்டாள்.

இதுவரை நாற்பத்தேழு கடிதங்கள்.

இலை கிழிந்த அன்று சாயங்காலம் ஓவிதியோ ரொட்டி வாங்கப் போயிருந்தபோது, எனெய்தா கட்டிலுக்கடியிலிருந்து பிஸ்கட் டப்பாவை இழுத்தாள். வேடிக்கைக்காகத்தான், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். புத்தகம் படித்தால் அப்படித்தான். போன வருடம் விஷம் வைக்கும் கதை ஒன்று ஓடியபோது ஒரு வாரம் காப்பியை முகர்ந்து முகர்ந்துதான் குடித்தாள்.

அவர்கள் மொழியில் கேள்விக்குறி வாக்கியத்தின் தலையிலும் ஒன்று தலைகீழாக நிற்கும். கண்ணுக்குத் தப்பாது. அவள் முதல் கடிதத்தில் விரலை வைத்து வரிவரியாக நகர்த்தினாள். 'அன்புள்ள தங்கை எனெய்தா, நான் நலம். கடல் அமைதியாக இருக்கிறது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.' இரண்டாவது. 'நீ சந்தோஷமாக இருப்பாய் என்று எனக்குத் தெரியும்.' மூன்றாவது. பத்தாவது. மாடியேறி வரும் காலடிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி, மண்ணெண்ணெய் அடுப்பின் நாற்றமும் பழைய காகிதத்தின் வாசனையும் கலந்த அந்த அறையில், தரையில் முழங்காலிட்டு நாற்பத்தேழையும் பார்த்து முடித்தாள்.

ஒன்றுகூட இல்லை.

அவள் எழுதிய கேள்விகளுக்கும் பதில் இல்லை. போட்டோ அனுப்பு என்று எத்தனை முறை எழுதியிருப்பாள்? கல்யாணம் செய்துகொண்டாயா என்று? எல்லாவற்றையும் கடலில் இருக்கிறவனின் சோம்பல் என்று எடுத்துக்கொண்டாள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வேறு யாரிடமும் சொல்ல முடியாததை அவள் அண்ணனுக்கு எழுதுவாள். ஒரு முறை எழுதினாள்: 'ஓவிதியோ என் பிறந்தநாளைக்கூட மறந்துவிட்டான். கொய்யாப் பணியாரம் ஒன்று வாங்கி வந்தால் போதும், நான் என்ன நகையா கேட்கிறேன்.' அடுத்த வாரம், காரணமே இல்லாமல், ஓவிதியோ கொய்யாப் பணியாரத்தோடு வந்து நின்றான். சொல்லாமலே மனசைப் படிக்கிறான் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை.

ஓவிதியோ ஆலையில் நிறம் பிரிப்பவன். சுற்றி முடித்த சுருட்டுகளை வெளிச்சத்தில் பரப்பி, அறுபது விதப் பழுப்பை அடையாளம் கண்டு ஒன்றோடொன்று சேர்ப்பது அவன் வேலை. எதையும், ஒருவருடைய கையெழுத்தைக்கூட, அப்படியே பார்த்து வைத்துக்கொள்ளும் கண். அன்று சாப்பிடும்போது அவன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்:

"அந்தப் புத்தகம் சரியான அறுவை. அடுத்த தடவை ஏதாவது காதல் கதைக்குக் கை தூக்கு."

"எந்த இடம் அறுவை?"

"அந்தக் கெழவன் கடிதத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறதெல்லாம். யாரு அப்படிக் கேள்விய எண்ணிட்டு இருப்பா?"

அவள் கருணைக்கிழங்கை நசுக்கிக்கொண்டிருந்தாள். முள்கரண்டி தட்டில் உரசிய சத்தம் பல்லில் ஏறியது.

அன்றிரவு அவன் எப்போதும் போல அவள் இடுப்பில் கை போட்டுத் தூங்கினான். பதின்மூன்று வருடமாக அவள் அந்தக் கையின் கனத்தில்தான் தூங்கிப் பழகியிருந்தாள். இப்போது அந்தக் கை என்ன எடை என்று அளந்துகொண்டே கிடந்தாள். மூச்சுக்காற்று அவள் பிடரியில் பட்டது. ஒழுங்கான மூச்சு. தூங்குகிறவனின் மூச்சு இவ்வளவு ஒழுங்காக இருக்குமா?

மறுநாள் கூடத்தில் புருனோ மாட்டிக்கொண்டான். அம்மா தன் வாயாலேயே அவனைக் கேட்டாள். அவன் ஆரஞ்சு உரிப்பதை நிறுத்தவில்லை. பெண்கள் "த்தூ" என்றார்கள். எனெய்தாவுக்குக் கண் கலங்கியது.

"என்னடி, நிஜமாவே அழறியா?" சொராய்தா குனிந்து பார்த்தாள். "வீட்ல ஏதாவது பிரச்சினையா? ஓவிதியோ ஏதாவது சொன்னானா?"

"மூணு வாரமா அவன் நல்லவன்னு சொல்லிட்டு இருந்தேன்ல. ஏமாந்துட்டேன்."

"அட லூசு. அது அச்சடிச்ச காகிதம்."

"அதான்," என்றாள் எனெய்தா.

மூன்றாம் நாள் மதியம் புயல் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. சுருட்டுபவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நிறம் பிரிக்கும் அறைக்காரர்கள் மட்டும் பெட்டிகளைத் தார்ப்பாய் போட்டு மூட நின்றார்கள். எனெய்தா நனைந்துகொண்டே வந்து, மாடிப்படி ஏறி, இருட்டாயிருந்த வீட்டைத் திறந்தாள். காற்று வர வீதிப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

அப்போதுதான் அந்த வாடையைக் கவனித்தாள். மழை வாடை இல்லை. உப்பு. அலை பின்வாங்கிய பாறையில் பாசி காயும்போது வருமே, அது. கடல் அங்கிருந்து ஒரு மணி நேர பஸ் தூரம்.

வாடை கட்டிலுக்கடியிலிருந்து வந்தது.

டப்பாவை இழுத்தாள். மேலாக ஒரு புதுக் கடிதம் இருந்தது. உறை இல்லை. காகிதம் ஈரத்தில் நைந்து, இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஓவிதியோதான் காலையில் வைத்துவிட்டுச் சொல்ல மறந்திருப்பான், என்று நினைத்தாள். வெளிச்சத்துக்காக ஜன்னலருகே கொண்டுபோனாள்.

'ஈர்க்குச்சி, எப்படி இருக்கிறாய்?'

அவள் அந்த முதல் சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

ஈர்க்குச்சி. ஒல்லியாக இருந்த எட்டு வயதில் அன்செல்மோ வைத்த பெயர். அதற்காக அவன் முதுகில் கடித்திருக்கிறாள். அம்மாவுக்கு முன்னால்கூட அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஓவிதியோவிடம் அவள் சொன்னதே இல்லை.

'இன்னும் சோற்றை அடிப்பிடிக்க விடுகிறாயா? முழங்காலில் ஆணி குத்திய தழும்பு மறைந்துவிட்டதா? அங்கே மழையா?'

கேள்விகள். வரிக்கு வரி தலைகீழ்க் குறிகள். ஒரு கணம் அவளுக்குத் தோன்றத்தான் செய்தது: ஓவிதியோவும் அந்த அத்தியாயத்தை ஒலிபெருக்கியில் கேட்டான், அதனால்தான் இப்போது கேள்விகளாக எழுதி வைத்திருக்கிறான். ஆனால் மை? அன்செல்மோ இடது கைக்காரன். எழுத எழுத உள்ளங்கையின் ஓரம் ஈர மையைத் தேய்த்துக்கொண்டே போகும். பள்ளிக்கூடத்தில் அதற்காக அடி வாங்குவான். இந்தத் தாளில் ஒவ்வொரு வரியும் அப்படித் தேய்ந்திருந்தது. மற்ற நாற்பத்தேழிலும் ஒரு தேய்ப்புகூட இல்லை என்பது அவளுக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. அவள் காகிதத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அழுதாள். சிரித்தாள். உயிரோடு இருக்கிறான். மூன்று நாளாகப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்த நல்ல மனுஷனைச் சந்தேகப்பட்டேனே, பாவி நான், என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஓவிதியோ ஐந்து மணிக்கு வந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கதவைச் சாத்துவதற்குள் அவள் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள்.

"என்னை மன்னிச்சுடு. என்னன்னு கேக்காத. மன்னிச்சுட்டேன்னு மட்டும் சொல்லு."

"என்னாச்சு?"

"உட்காரு. படிக்கிறேன், கேளு. கிரிசெல் மாதிரி." ஒட்டியிருந்த இரண்டாவது தாளை நகத்தால் மெதுவாகப் பிரித்தாள். உப்பு வாடை இன்னும் ஏறியது. "அன்செல்மோதான். எப்படிக் கேக்குறான் பாரேன். 'நீ எனக்கு எழுதியதெல்லாம் ஏன் என்னிடம் வரவில்லை?'"

அவள் நிறுத்தினாள். ஓவிதியோ உட்காரவில்லை.

"அதை யார் குடுத்தா?"

"டப்பாவுல இருந்துச்சு. நீதானே வச்ச?"

"இல்ல."

மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. வீதியில் தண்ணீர் ஓடும் சத்தம். அவள் குரல், ஒரு முறை ஆரம்பித்துவிட்டால் நிற்கத் தெரியாதது போல, அடுத்த வரிக்குப் போய்விட்டது.

"'ஓவிதியோவின் கை ஆறிவிட்டதா?' என்ன கை? உனக்கு எப்ப கையில..."

எப்போது என்று அவளுக்கே நினைவு வந்தது. அந்தக் கோடையில் புகையிலைத் தோட்டத்து வேலை என்று போய், நான்காம் நாள் தோல் உரிந்து திரும்பி வந்தானே. வலது கையில் துணி சுற்றியிருந்தது. முள்கம்பி கிழித்துவிட்டது என்றான். அவள்தான் தினமும் கட்டு மாற்றினாள். கம்பிக் கீறல் மாதிரி இல்லையே என்று நினைத்தாள். அரை வட்டமாக இருந்தது.

"படிக்காத, எனெய்தா."

"'டயரில் ஒருவனுக்குத்தான் இடம் என்று முதலில் சொன்னது யார்?'"

"படிக்காதன்னு சொல்றேன்ல."

"'எந்த விரலிலிருந்து ஆரம்பித்தான் என்று அவனுக்கு நினைவிருக்கிறதா?'"

ஓவிதியோ நாற்காலியில் உட்கார்ந்தான். மெதுவாக, முதுகு வலிக்காரன் உட்காருவது போல.

"சுண்டு விரல்," என்றான். அவளிடம் சொல்லவில்லை.

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"மத்ததெல்லாம் நான் எழுதினது," என்றான். "நாப்பத்தேழும். உனக்கு முடி கொட்டுச்சு. நீ சாப்பிடல. பார்க்க முடியல, அதனால எழுதினேன். ஆனா இது நான் எழுதல. சத்தியமா இது நான் எழுதல."

"நீயும் போனியா? அவன்கூட?"

"போய்ச் சேர்ந்துட்டு உன்னைக் கூப்பிடலாம்னு..."

"தோட்டத்துக்குப் போறேன்னு என்கிட்ட சாப்பாடு கட்டி வாங்கிட்டுப் போன."

அவன் வலது கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டான்.

"நான் அவனுக்கு எழுதினதெல்லாம்?"

"படிச்சேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

முதலில் வலித்தது அந்தப் பணியாரம்தான். அண்ணன் பிறகுதான் வலித்தான். கொய்யாப் பாகு கையில் ஒட்ட ஒட்ட, சிரித்துக்கொண்டு, அவன் ஊட்டிவிட்டதை அவள் வாய் திறந்து வாங்கிக்கொண்ட அந்தச் சாயங்காலம் மறுபடி நாக்கில் இனித்தது. பதினொரு வருடம். நாற்பத்தேழு முறை அவள் கண்ணைத் துடைத்த கை. அந்தக் கைதான்.

"வேற என்ன எழுதியிருக்கு?" ஓவிதியோவின் கண் தாளை விட்டு நகரவில்லை. "எனெய்தா, கடைசியில என்ன எழுதியிருக்கு?"

ஒரே ஒரு வரி மிச்சம் இருந்தது. மை இன்னும் காயவில்லை.

"'வீதிப் பக்கத்து ஜன்னல்தானே உங்களுடையது?'"

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

ஜன்னல் திறந்திருந்தது. அதற்கு வெளியே பால்கனி இல்லை. விளிம்பு இல்லை. இரண்டாம் மாடியிலிருந்து நேராக வீதிக்கு இறங்கும் சுவர் மட்டும்தான். சாம்பல் வெளிச்சம். மழைக் கம்பிகள்.

ஜன்னல் கட்டையில் நான்கு விரல்கள் இருந்தன.

வெளியிலிருந்து பற்றிய விரல்கள். இடது கை. நெடுநாள் நீரில் ஊறி வெளுத்து, நுனிகள் சுருங்கி, நகங்கள் நீலமாக. உள்ளங்கையின் ஓரத்தில் மை.

அப்புறம் வலது கை வந்தது. நான்கு விரல்கள். ஒவ்வொன்றாக, இடம் பார்த்து, கட்டையில் ஊன்றின. ஏறி வர முயலவில்லை. தலை தெரியவில்லை. சத்தம் இல்லை. பிடித்துக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

"அன்செல்மோ," என்றாள்.

ஓவிதியோ எழுந்தான். கதவுக்கு ஓடுவான் என்று நினைத்தாள். அவன் ஓடவில்லை. ஜன்னலுக்குப் போனான். முழங்காலிட்டான். உதடுகள் ஏதோ முணுமுணுத்தன. பிறகு, பழகிய வேலைக்காரன் போல, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, வெளுத்த அந்தச் சுண்டு விரலைக் கட்டையிலிருந்து பிரித்தான்.

அவள் கண் முன்னால்.

அடுத்த விரல். அதற்கடுத்தது. நகம் மரத்தைக் கீறியது. நான்காவதற்கு அவன் போனபோது சுண்டு விரல் திரும்ப வந்து பற்றியது. மறுபடி பிரித்தான். மறுபடி வந்தது. அவன் வேகமாகப் பிரித்தான். மூச்சு இரைத்தது. அவை அவசரப்படவில்லை. பிரிக்கப் பிரிக்க, ஒவ்வொன்றாக, வந்தன.

ஒரு தடவை அவை கட்டைக்கு வரவில்லை.

அவன் மணிக்கட்டுக்கு வந்தன.

ஓவிதியோவின் வலது தோள் ஜன்னலுக்கு வெளியே போனது. கழுத்து நரம்பு புடைத்தது. கீழே இழுக்கிற அந்தக் கனம் அவன் முதுகில் தெரிந்தது. ஒரு முழு ஆளின் கனம். தண்ணீர் குடித்த ஆள். இடது கையால் உட்பக்கத்து மரச்சட்டத்தைப் பற்றிக்கொண்டான். முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

"பிடி, எனெய்தா. என்னைப் பிடி."

மரச்சட்டம் முனகியது.

"கண்ணு. பிடிடீ."

அவள் கடிதத்தை மேசையில் வைத்தாள். அருகில் போனாள். சட்டத்தைப் பற்றியிருந்த அவனுடைய ஐந்து விரல்களையும் பார்த்தாள். வெயிலில் பழுத்த பழுப்பு. கணுக்கள் வெளுத்திருந்தன.

ஓரத்தில், மற்றவற்றிலிருந்து சற்றே விலகி, சுண்டு விரல்.